பியானோ ஆர்வலரின் பாடத்தேர்வு – ஒரு நோக்கு

கலையைத் தொழிலாகக் கொள்ளாது அன்பு காரணமாகவே பயில்வோரை ஆங்கிலத்தில் ‘அமெச்சூர்’ என்பர். அன்பு செய்பவன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல் பிரெஞ்சு மொழி வழியாகத் திரிந்து வந்த வடிவம் அது. இன்று அச்சொல் அரைகுறை என்னும் பொருளிலும் வழங்குவது அதற்கு நேர்ந்த இழிவு. தமிழில் அதற்கு நேராக ‘ஆர்வலர்’ என்னும் சொல் கிடைத்திருப்பது நற்பேறு எனலாம். அன்புடைமை அதிகாரத்தின் முதற்குறளிலேயே அன்புடையாரைக் குறிக்க வள்ளுவர் ஆண்ட சொல் அது. ஜெர்மானியரும் இவ்வாறே ‘லீப்ஹாபர்’ என்றனர். 1723ஆம் ஆண்டில் யோஹான் செபாஸ்தியன் பாக், ‘இன்வென்ஷன்’ எனப்படும் இருகுரல் படைப்புகள் பதினைந்தையும் அவற்றிற்கு இணையான முக்குரல் படைப்புகள் பதினைந்தையும் செப்பமாகப் படியெடுத்தார். ‘கிளாவியர்’ என்ற கட்டைக் கருவியின் ஆர்வலர்க்கு, அவருள்ளும் கற்க விழைவோர்க்கு, வழிகாட்டும் நூல் இது என்று அப்படியின் முகப்பில் எழுதினார். அவர் மகனாகிய கார்ல் ஃபிலிப் எம்மானுவேல் பாக் 1779 முதல் 1787 வரை வெளியிட்ட ஆறு தொகுதிகளும் ‘அறிஞர்க்கும் ஆர்வலர்க்கும்’ என்ற பொருள்படும் பெயரையே தாங்கின. அக்காலத்தில் ஆர்வலர் என்பது நூலின் முகப்பில் அச்சிடத் தகுந்த மதிப்புடைய பெயராக இருந்தது.

தொழில்முறைக் கலைஞர் எதை வாசிப்பது என்பதைக் கச்சேரி ஏற்பாட்டாளரும் ஒலிப்பதிவு நிறுவனமும் போட்டி விதிகளும் பெரும்பகுதி முடிவு செய்துவிடுகின்றன. மாணவனுக்கு ஆசிரியர் முடிவு செய்கிறார். எவருடைய கட்டளையும் இன்றித் தாமே தேர்ந்துகொள்ள வேண்டியவர் ஆர்வலர் ஒருவரே. ஆகவே, கட்டையின்மேல் விரல் படுமுன்னரே அவர் ஒரு திறனாய்வாளர் ஆகிவிடுகிறார். இன்ன படைப்பு என் வாழ்நாளில் இத்தனை மாதங்களுக்குத் தகும் என்று அவர் தமக்குள் சொல்லிக்கொள்வது ஓர் இலக்கியத் தீர்ப்பை ஒத்தது. அத்தீர்ப்புப் பெரும்பாலும் பிழைபடுகிறது. கேட்பவனுக்குரிய அளவுகோலை எடுத்துக்கொண்டு வாசிப்பவனுக்குரிய படைப்பை அளப்பதே பிழைக்குக் காரணம்.

இப்பிழையின் விலை சிறிதன்று. பகலெல்லாம் அலுவலகத்திலோ வகுப்பறையிலோ உழைத்துவிட்டு இரவில் பியானோவின்முன் அமரும் ஒருவர்க்கு நாள்தோறும் 20 நிமிடம் கிடைக்கிறது என்று கொண்டால், ஓராண்டில் அவர்க்குக் கிட்டுவது ஏறத்தாழ 121 மணி நேரம். இரவும் பகலுமாகக் கணக்கிட்டால் ஐந்து நாள். நாற்பது வயதில் தொடங்கி எழுபது வயது வரை ஒரு நாளும் விடாது பயின்றாலும் மொத்தத்தில் ஐந்து திங்களே தேறும். இந்த ஐந்து திங்களை எதற்குக் கொடுப்பது? முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாற்போல எட்டாத ஒன்றைப் பற்றிக்கொண்டு, ஈராண்டு மல்லாடி, அதன்பின் பியானோவின் மூடியைத் திறவாமலே விட்டவர் பலர். அவர்களைத் தோற்கடித்தது சோம்பலும் அன்று, திறமைக் குறைவும் அன்று. முதற்பக்கத்தைத் திறக்குமுன் அவர்கள் செய்த தேர்வே அவர்களைத் தோற்கடித்தது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இச்சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. பிரித்தானியத் தேர்வு வாரியங்கள் வகுத்த எட்டு நிலைத் தேர்வுகளே இங்குப் பியானோக் கல்விக்குப் பெரிதும் சட்டகமாக இருந்துவருகின்றன. பட்டியல் தொகுப்போரின் அறிவு குறைத்து மதிக்கத் தக்கதன்று. காலத்தாலும் நடையாலும் வேறுபட்ட படைப்புகளை ஒரு மாணவன் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பது நல்ல கொள்கையே. ஆயினும், மூன்று நான்கு படைப்புகளை மட்டும் ஓராண்டு முழுதும் மெருகேற்றி, தேர்வு முடிந்த மறுநாளே அவற்றைக் கைவிடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. ஏழாம் நிலையும் எட்டாம் நிலையும் தேறியவர் முப்பது வயதில், வீட்டிற்கு வந்த விருந்தினர்முன் வாசிக்க ஒரு படைப்பும் கைவசம் இன்றி விழிப்பதைக் காணலாம். பிறர் தேர்ந்து தந்ததையே பல்லாண்டு வாசித்த கைக்குத் தானே தேரும் பழக்கம் வரவில்லை. எழுதுவதற்கும் தெரிந்தெடுப்பதற்கும் ‘தேர்வு’ என்ற ஒரே சொல் தமிழில் அமைந்திருந்தும் ஒன்று மற்றொன்றைக் கற்பிக்கவில்லை.

இப்பொருள் பற்றி எழுந்த நூல்களுள் இரண்டு ஒப்புநோக்கத் தக்கவை. இரண்டையும் எழுதியோர் இதழாளர். இசையால் பிழைத்தவர் அல்லர். முதலாவது, 1941ஆம் ஆண்டில் நியூ யார்க்கில் வெளிவந்த ‘இன்பத்திற்காகப் பியானோ வாசித்தல்’ எனும் பொருள்தரும் நூல். அதன் ஆசிரியர் ‘நியூ யார்க்கர்’ இதழில் செய்தியாளராக இருந்த சார்லஸ் குக். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குக. உன் ஆற்றலுக்குள் அடங்கும் 25 படைப்புகளைத் தேர்ந்தெடு. அவற்றை மனப்பாடம் செய். அவை கைவிட்டுப் போகாமல் வாழ்நாளெல்லாம் காத்துவா என்பது அவர் காட்டும் நெறி. ஒவ்வொரு படைப்பிலும் கை இடறும் இடங்களைக் கோடிட்டு அவற்றிற்கு ‘எலும்பு முறிவு’ என்று பெயரிடுகிறார் குக். முறிந்து கூடிய எலும்பு முறிந்த இடத்தில் முன்னிலும் வலிமை பெறுவதுபோல, இடறிய இடங்களே இறுதியில் படைப்பின் மிக உறுதியான இடங்களாகும்வரை அவற்றைப் பயிலவேண்டும் என்பது அவர் கருத்து. மருத்துவ உண்மை எவ்வாறாயினும் உவமை இனிது, பயனும் உடையது. தொடக்கத்திலிருந்து வாசித்து, இடறியவுடன் மீண்டும் தொடக்கத்திற்கே ஓடிவரும் பழக்கத்தை இவ்வொரு சொல் அறுத்துவிடுகிறது.

குக்கின் நெறியில் போற்றத் தக்கது, படைப்புகளை அவர் சொத்தாகக் கருதியமை. கற்று மறப்பதற்காக ஒன்றைக் கற்பது அவர்க்கு உடன்பாடன்று. நம் இசைவாணர் ‘பாடாந்தரம்’ என்று சொல்வதன் பொருளும் இதற்கு அணித்தே. ஒருவர்க்கு எத்தனை உருப்படி ‘தெரியும்’ என்பதைவிட எத்தனை உருப்படி ‘பாடம்’ என்பதே கேள்வி. ஆயினும் குக்கின் நூலில் ஒரு வெற்றிடம் உள்ளது. ஆற்றலுக்குள் அடங்குவதைத் தேர்க என்பவர், ஆற்றலுக்குள் அடங்கும் நூறு படைப்புகளுள் எது நீண்ட காலம் உடனிருக்கும் என்பதை அளக்க வழி கூறவில்லை. தம் சுவையை அவர் நம்பிவிடுகிறார். படிப்பவரும் தம் சுவையை நம்பலாம் என்று விட்டுவிடுகிறார். அதனோடு, நூலின் குரலில் உள்ள ஓயாத உற்சாகம் சிற்சில இடங்களில் களைப்பூட்டுவதும் உண்மை.

இரண்டாவது நூல் 2013இல் இலண்டனில் வெளிவந்தது. ‘கார்டியன்’ நாளிதழுக்கு 1995 முதல் 2015 வரை ஆசிரியராக இருந்த ஆலன் ரஸ்பிரிட்ஜர் நாட்குறிப்பு வடிவில் எழுதிய நூல் அது. 2010ஆம் ஆண்டுக் கோடையில் பிரான்சு நாட்டில் நடந்த பியானோப் பயிற்சி முகாம் ஒன்றில், தம்மைப் போன்ற ஆர்வலர் ஒருவர் ஷோப்பினின் முதலாம் ‘பல்லாட்’டை வாசிக்கக் கேட்டார் ரஸ்பிரிட்ஜர். ஐம்பத்தாறு வயதில் தாமும் அதை ஓராண்டிற்குள் வாசித்துவிடுவது என உறுதி பூண்டார். காலையில் 20 நிமிடம். அதுவும் கிடைத்த நாளில் மட்டும். அந்த ஆண்டோ ‘விக்கிலீக்ஸ்’ ஆவணங்களும் தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஊழலும் அவர் இதழில் அடுத்தடுத்து வெடித்த ஆண்டு. காலக்கெடு தவறியது. இருப்பினும் முயற்சியை விடாது இறுதியில் நண்பர்கள்முன் அதை வாசித்து முடித்தார்.

முதலாம் பல்லாட் ஜி மைனரில் அமைந்தது, 1836இல் அச்சேறியது, 264 தாளக்கட்டங்கள் கொண்டது, வாசிக்க ஒன்பது நிமிடத்திற்குச் சற்று மேலாகும். ஆர்வலர்க்கு இதன் அமைப்பே ஒரு பொறி. தொடக்கத்தில் இருகையும் ஒன்றாக ஏறிவரும் விளம்பமான முகப்பு. அதன்பின் தயங்கித் தயங்கிப் பேசுவது போன்ற முதல் மெட்டு. சற்றுப் பொறுத்து அன்பு ததும்பும் இரண்டாம் மெட்டு. ஓரளவு பயிற்சியுடைய எவரும் இந்த முதற்பக்கங்களைச் சில கிழமைகளில் வாசித்துவிடலாம். வாசித்தவுடன், ‘இது நம்மால் ஆகும்’ என்ற நினைவு எழுவது இயல்பு. ஆனால் இரண்டாம் மெட்டு மீண்டும் வரும்போது கை நிறைந்த சுரக்கூட்டுகளாகப் பெருத்து வருகிறது. 208ஆம் தாளக்கட்டத்தில் தொடங்கும் இறுதிப் பகுதியோ, தீப்பிடித்த விரைவில் வாசிக்கும்படி ஷோப்பினே குறித்த பகுதி. வலக்கை இடமும் வலமும் தாவுகிறது; அழுத்தம் விழவேண்டிய இடத்தில் விழாமல் விலகி விழுகிறது. அதுவரை நடந்த கதை முழுதும் அங்கே சரிந்து நொறுங்குகிறது. இப்பகுதியைப் பாதி விரைவில் வாசித்தால் சரிவு தெரிவதில்லை; சரிவைப் பற்றிய குறிப்புகள்தாம் தெரிகின்றன. விரைவே அதன் பொருள். விரைவு எடுபட்டால் பொருளும் எடுபட்டுப் போகிறது. அதை விட்டுவிட்டு 207ஆம் தாளக்கட்டத்தோடு நிறுத்தவும் இயலாது. கடைசிச் சூத்திரத்தில் முடிச்சு அவிழும் நூலைப் போன்றது அது.

ரஸ்பிரிட்ஜரின் நூலில் மிகச் சிறந்த பகுதிகள் பல்லாட் கைவந்த இடங்கள் அல்ல. காலையில் இருபது நிமிடம் ஒன்றிலேயே கருத்தை நிறுத்திய நாளில் அலுவலகத்தின் அமளி சற்றுத் தொலைவில் நிற்பதாக உணரும் இடங்களே உள்ளத்தில் தங்குகின்றன. அவ்விருபது நிமிடம் வேறொரு படைப்பிற்குச் செலவாகியிருந்தாலும் இதே பயனைத் தந்திருக்கும் அன்றோ? இவ்வளவு பெரிய முயற்சிக்கு இந்தப் படைப்பே ஏன் என்ற வினாவிற்கு, அது பேரழகுடையது, அச்சுறுத்துவது, தம்மையொத்த ஒருவர் அதை வாசித்துவிட்டார் என்பனவே பெரிதும் விடையாகின்றன. நூலின் துணைத்தலைப்பும் இயலாததை எதிர்த்து நிற்கும் ஆர்வலர் என்ற பொருள்பட அமைந்துள்ளது. மலையேறுவோர் பேச்சு அது. மலைமீது ஒருமுறை கொடி நாட்டிவிட்டு இறங்கிவிடலாம். இசைப்படைப்போ ஏறியபின் குடியிருக்க வேண்டிய இடம்.

இத்தகைய விருப்பம் எங்கிருந்து வந்தது என்பதையும் நோக்கவேண்டும். ஒலிப்பதிவு தோன்றாத பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளில் பேத்தோவனின் சிம்பொனிகளைப் பலர் அறிந்தது, இருவர் ஒரே பியானோவில் அருகருகே அமர்ந்து நான்கு கைகளால் வாசிக்கும்படி அமைத்த அச்சுப் பதிப்புகளின் வழியாகத்தான். தட்டுத் தடுமாறி வாசித்தாலும் அவ்வீட்டில் அன்று ஒலித்த சிம்பொனி அது ஒன்றே. பக்கத்தில் வைத்து ஒப்பிட வேறு ஒலி இல்லை. இன்று நிலைமை தலைகீழ். உலகின் தலைசிறந்த கைகள் வாசித்த ஒலி முதலில் செவியை அடைகிறது. இசைத்தாள் பிறகே கண்ணை அடைகிறது. ஆர்வலர் விரும்புவது அந்த ஒலியை. ஆனால் அவர் பெறப்போவது அதற்கான உழைப்பை. இவ்விரண்டும் ஒன்றென்று எண்ணுவதிலேயே தவறான தேர்வு கருக்கொள்கிறது.

பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் இவ்வேறுபாட்டை 1970இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் தெளிவாகத் தொட்டார். கேட்கும் இசை, வாசிக்கும் இசை என இசை இரண்டு என்றும், அவை வெவ்வேறு கலைகள் என்றும் அவர் கருதினார். கேட்கும்போது சிறியவராகத் தோன்றும் ஓர் இசையமைப்பாளர், தாமே வாசிக்கும்போது, குறைபட வாசித்தாலுங்கூட, பேருருக் கொள்ளலாம் என்பது அவர் கண்டது. அதற்கு அவர் காட்டிய சான்று ஷூமான். பார்த் தாமும் பியானோ வாசித்த ஆர்வலர். ஆதலின் அவர் கூற்றில் நாற்காலியில் அமர்ந்து எழுதியவரின் வெறுமை இல்லை. வீட்டிசை மறைந்த காலத்தை எண்ணி ஏங்கும் ஏக்கம் அதில் சற்று மிகுதியாகக் கலந்துள்ளது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆர்வலரின் பாடத்தேர்வுக்கு இதைவிடப் பயனுள்ள கருத்து வேறு கிடைப்பது அரிது.

பல்லாட் போன்றவை எட்டாதவை என்றால் ‘எளியவை’ எனப்படுவனவற்றை எடுத்துக்கொள்ளலாமே எனத் தோன்றும். அங்கேயும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. 1801இல் பேத்தோவன் இயற்றிய ஸொனாட்டா ஒன்று ‘நிலவொளி’ என்ற பெயரால் உலகறிந்தது. பெயர் அவர் இட்டதன்று; 1827இல் அவர் மறைந்த பின்னரே அது ஒட்டிக்கொண்டது. அதன் முதற்பகுதியில் குறிப்புகள் குறைவு, காலமும் விளம்பம். ஆகவே தொடங்குவோர் கைகளில் அது ஓயாது ஒலிக்கிறது. ஆனால் அங்கு வலக்கை ஒன்றே இரு வேலை செய்யவேண்டும். மும்மூன்றாக அசையும் உள்சுரங்கள் மெல்லெனக் கீழே ஓட, மெட்டு அவற்றின்மேல் மிதக்கவேண்டும். அம்மெட்டைத் தாங்குவதோ கையின் மெலிந்த விரலாகிய சிறுவிரல். அவ்விரல் அடங்கிப்போனால் எல்லாக் குறிப்புகளும் சரியாக ஒலிக்கும். பாட்டு மட்டும் இராது. இதை எளிதென்பவர் தம் வாசிப்பை இன்னும் கேட்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.

‘எலீசாவுக்கு’ என்ற சிறு படைப்பின் கதை வேறு. 1810இல் எழுதப்பட்டு, பேத்தோவன் மறைந்து நாற்பது ஆண்டு கழித்து 1867இல் அச்சான அதன் முதல் மெட்டைத் தைவானில் குப்பை வண்டிகள்கூடத் தம் வருகையை அறிவிக்க ஒலிக்கின்றன. அந்த முதல் மெட்டை மட்டும் வாசித்துவிட்டு எழுந்துவிடுவோர் எண்ணிறந்தோர். நடுவில் வரும் இரு பகுதிகளும் கைக்குக் கடினம் ஆதலின் விடப்படுகின்றன. அவை இல்லாவிடில் முதல் மெட்டு திரும்பி வருவதற்கும் பொருள் இல்லை. பிரிந்து சென்றவர்க்கே மீளுதல் உண்டு. 1788இல் மொட்சார்ட் தம் கையேட்டில் தொடங்குவோர்க்கான சிறிய ஸொனாட்டா என்று குறித்துவைத்த சி மேஜர் ஸொனாட்டாவும் இவ்வகையதே. அதன் முதற்பகுதியில் ஓடும் சுர வரிசைகளில் ஒரு விரல் பிசகினாலும் மறைந்துகொள்ள இடம் இல்லை. வெள்ளை வேட்டியில் விழுந்த மைத்துளி போல் அது தெரியும்.

எனவே ‘கடினம்’, ‘எளிது’ என்ற பாகுபாடு இவ்விடத்தில் அதிகம் உதவுவதில்லை. இதனினும் நம்பத்தக்க ஓர் உரைகல் உண்டு. ஒரு படைப்பைப் பாதி விரைவில், ஒவ்வொரு சுரமாக நின்று நின்று வாசிக்கும்போதும் அது இசையாக நிற்கிறதா என்பதே அது. ஆர்வலர் தம் நேரத்தில் பெரும்பகுதியை அந்நிலையில்தான் கழிக்கப்போகிறார். கச்சேரிக் கலைஞர் சில நாளில் கடந்துவிடும் வழியில் அவர் ஓராண்டு குடியிருக்க வேண்டும். குடியிருக்கும் வீட்டில் காற்றும் வெளிச்சமும் இருக்கவேண்டும் அன்றோ?

ஷோப்பின் 1839இல் வெளியிட்ட இருபத்துநான்கு ‘பிரிலூட்’களுள் நான்காவது, இ மைனரில் அமைந்தது, இவ்வுரைகல்லில் பொன்னாக நிற்கிறது. மொத்தம் 25 தாளக்கட்டங்கள். 1849இல் பாரிசில் ஷோப்பினின் இறுதிச் சடங்கில் ஆர்கன் கருவியில் வாசிக்கப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. வலக்கையின் மெட்டு நெடுநேரம் அடுத்தடுத்த இரண்டு சுரங்களையே சுற்றி வருகிறது. தனியே கேட்டால் அதில் எதுவும் இல்லை. நிகழ்வதெல்லாம் இடக்கையில். ஒரே சுரக்கூட்டு மீண்டும் மீண்டும் மெல்ல ஒலிக்க, அதன் சுரங்களுள் ஒன்று அரைச்சுரம் இறங்குகிறது, பிறகு மற்றொன்று இறங்குகிறது, பிறகு வேறொன்று. விரைவாகக் கேட்பவர்க்கு இது இனம்புரியாத சோகமாகப் படும். மெதுவாக வாசிப்பவர்க்கோ சோகத்தின் காரணமே விரல்வழி தெரிகிறது. எந்த விரல் இறங்கியது, இறங்கியதால் எந்தச் சுரம் உறவிழந்து நின்றது என்பதை அவர் தொட்டு அறிகிறார். செய்யுளைச் சீர் பிரித்துப் படிக்கும் மாணவன் அதன் ஓசையை இழப்பதில்லை. அங்கேதான் முதன்முதலாகப் பெறுகிறான். அதுபோன்ற நிலை இது. இடையில் ஒரேயொரு முறை மெட்டு கதறி எழுந்து அடங்குகிறது. முடிவில் ஒரு நீண்ட மௌனம், அதன்பின் மூன்று சுரக்கூட்டுகள். பத்து நாளில் குறிப்புகளை அறிந்துவிடலாம். பத்தாண்டு வாசித்தாலும் அந்த மௌனத்தின் அளவு இன்னதென்று முடிவு கட்ட இயலாது.

பாக்கின் இன்வென்ஷன்களும் இவ்வாறே நிற்கின்றன. சி மேஜரில் உள்ள முதலாவது 22 தாளக்கட்டங்களே உடையது. வலக்கை ஒரு சிறு தொடரைச் சொல்ல, இடக்கை அதையே திருப்பிச் சொல்கிறது. பின்னர் தலைகீழாக்கிச் சொல்கிறது. எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் உரையாடல் உரையாடலாகவே இருக்கும். இரு முதியோர் பேசுவதாகக் கொண்டால் போயிற்று. இடக்கையைப் பணியாள் நிலையிலிருந்து விடுவிப்பதிலும் இதற்கு ஈடான நூல் இல்லை. பாக் அதன் முகப்பில் பயிற்சியின் நோக்கங்களுள் ஒன்றாகப் பாடுவதைப் போன்ற வாசிப்பைக் குறித்துள்ளமை கருதத் தக்கது. விரைவைப் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படும். ஆசையே எரிபொருள், எட்டாததை விரும்பாதவன் எட்டக்கூடியதையும் எட்டான், ரஸ்பிரிட்ஜர்க்குப் பல்லாட்டின்மேல் இருந்த வெறி ஓர் இன்வென்ஷன்மேல் இருந்திருக்குமா என்பர். தடை வலியது. ஆசையற்ற தேர்வு மருந்து குடிப்பதற்கு ஒப்பாகும். மருந்தை நெடுநாள் எவரும் விரும்பிக் குடிப்பதில்லை. ஆயினும் ஆசை எதன்மேல் என்று கேட்டல் தகும். முழுப்படைப்பையும் மனக்கண்ணில் வைத்து ஏங்குவது ஓர் ஆசை. அதன் நான்கு தாளக்கட்டங்களை இன்றிரவு நூறு முறை வாசிக்க மனம் ஒப்புவது மற்றோர் ஆசை. முன்னது கேட்பவனுடையது; பின்னதே வாசிப்பவனுடையது. பல்லாட்டின் முதல் மெட்டுக்குப் பின்னைய ஆசையும் பலர்க்கு உண்டு என்பது உண்மை. அதன் இறுதிப் பகுதிக்கு அவ்வாசை உடையார் மிகச் சிலர். ரஸ்பிரிட்ஜர் அச்சிலருள் ஒருவராக இருந்திருக்கலாம். அவருடைய வெற்றியைப் பொதுவிதியாகக் கொண்டு அவ்வழியே புறப்படுவோர்க்குத்தான் இடர்.

கையின் அளவும் கணக்கில் கொள்ளவேண்டியதே. சிறிய கையினர் பிராம்ஸின் அகன்ற சுரக்கூட்டுகளோடு போராடிக் கைவலியைத் தேடிக்கொள்வதில் பெருமை இல்லை. புதிய ஓசைகளை நாடுவோர்க்குப் பேலா பார்ட்டோக் 1926 முதல் 1939 வரை எழுதிய ‘மிக்ரோகாஸ்மஸ்’ 153 படைப்புகளோடு ஆறு தொகுதிகளாகக் கிடைக்கிறது. முதற்றொகுதி கட்டையை இன்று தொட்டவர்க்கும் உரியது. ஆயினும் வயது வந்தோர் அதைத் தொடுவது குறைவு. நாணமே காரணம். ஷூமான் 1848இல் தம் மூத்த மகள் மாரியின் ஏழாம் பிறந்தநாளை ஒட்டித் தொடங்கி எழுதிய 43 படைப்புகளுக்கு ‘இளையோர் தொகுப்பு’ என்று பெயரிட்டமையால் அவற்றைப் பெரியோர் பலர் திறந்தும் பார்ப்பதில்லை. குழந்தைப் பாடல் என்ற பெயரைக் கண்டு ஒரு கவிஞனைப் படியாது விடும் புலவரை ஒப்பர் இவர்கள். எளியதை அழகுற வாசிப்பது அரியதை நடுத்தரமாக வாசிப்பதினும் மேல் என இளைஞர்க்கு அறிவுரை கூறியவரும் இந்த ஷூமானே. விரல் ஊனத்தால் கச்சேரிக் கலைஞராகும் வாய்ப்பை இழந்தவர் எழுதியது அது என்பதை நினைத்தால் அவ்வறிவுரையின் எடை கூடுகிறது.

அவரே பத்தாண்டு முன்னர், 1838இல் எழுதிய ‘குழந்தைப் பருவக் காட்சிகள்’ சிறார்க்கு எழுதியதன்று. பெரியோர் தம் இளமையைத் திரும்பிப் பார்ப்பது. பதின்மூன்று படைப்புகள், பல ஒரு பக்க அளவில் அடங்குவன. ஏழாவதாகிய ‘கனவு’ எங்கும் வாசிக்கப்படுகிறது. அதைக் கற்றவர் அத்தோடு நூலை மூடிவிடுவது வழக்கம். இன்னும் ஆறு படைப்புகள் தள்ளி இறுதியில் நிற்பது ‘கவிஞன் பேசுகிறான்’ என்ற பெயருடையது. விளம்ப காலத்தில், பாட்டும் பேச்சும் அல்லாத ஒரு நடையில் அது தொடங்கித் தயங்கி நிற்கிறது. நடுவில் தாளமே கைவிடப்பட்டு, வலக்கை மட்டும் சிறு சுரங்களாகத் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொள்கிறது. மீண்டும் தொடக்கத்தின் சுரக்கூட்டுகள் வந்து, கீழிறங்கி, கேட்பதற்கு அரிய மென்மையில் முடிகின்றன. கச்சேரி அரங்கில் இதற்கு ஆரவாரம் எழுவதில்லை; கைதட்டலாமா என்ற ஐயமே எழும். இரவில், கதவடைத்த அறையில், இருபது நிமிடம் மட்டும் கையிலிருக்கும் ஒருவர்க்கு, இப்பக்கத்தின் முதல் நான்கு தாளக்கட்டங்களே அன்றைக்குப் போதியவை.